கூலன்ட் வேலைக்குப் பிறகு வண்டி தகராறு செய்கிறதா? எங்கிருந்து தேடுவது

ஞாயிற்றுக்கிழமை காலை, தெரு கொஞ்சம் அமைதியாக இருக்கும் நேரத்தில் வண்டியை வாசலில் நிறுத்தி, பழைய ரேடியேட்டர் ஹோஸைக் கழற்றிப் புதியதை மாட்டி, கூலன்ட் ஊற்றி, கிளிப்பை முறுக்கி, கையும் கழுவியாயிற்று. சாவியைத் திருப்பினால் இன்ஜின் உதறுகிறது. அல்லது ஒழுங்காக ஸ்டார்ட் ஆகி, தண்டையார்பேட்டையில் கிளம்பி டோல்கேட் சேர்வதற்குள் சூட்டு முள் ஏறுகிறது. பக்கத்தில் யாராவது நின்றால் "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்பா" என்று சொல்லாமல் நகர மாட்டார். இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு அது. கேட்டதும் வயிறு கலங்கும்.

கொஞ்சம் பொறுங்கள். நேற்று வரை நன்றாக ஓடிய இன்ஜின் இன்று தகராறு செய்கிறது என்றால், நடுவில் நடந்தது உங்கள் வேலை மட்டும்தான். காரணம் பெரும்பாலும் உங்கள் கை பட்ட இடத்திலோ, அதிலிருந்து ஒரு சாண் தள்ளியோ இருக்கும். தேட வேண்டிய இடம் சின்னதாகிவிட்டது. புதிதாக வேலை பழகுகிறவருக்கு அது பெரிய உதவி.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. இந்த வேலையை ஏன் கையில் எடுத்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். தரையில் சொட்டு விழுவதைப் பார்த்து, முள் ஏறுவதற்கு முன்பே ஹோஸை மாற்றினீர்கள் என்றால் மேலே சொன்னது அப்படியே பொருந்தும். வழியில் ஆவி பறக்க நின்று, அதற்கு அப்புறம் மாற்றினீர்கள் என்றால், சேதம் வேலைக்கு முன்பே நடந்திருக்கலாம். இப்போதைய கார்களில் பெரும்பாலும் சிலிண்டர் ஹெட் அலுமினியம். அளவுக்கு மீறிச் சூடானால் அது வளைந்துவிடும், கேஸ்கெட் பிடி விட்டுவிடும். புது ஹோஸ் அதைச் சரிசெய்யாது. உங்கள் கதை இதுதான் என்றால், கீழே கேஸ்கெட் பற்றி எழுதியிருப்பதை முதலில் படித்துவிடுங்கள்.

கை வைப்பதற்கு முன்

சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. பல கார்களில் அந்த மூடி 0.9 முதல் 1.1 பார் வரை அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அதனால்தான் உள்ளே 100 டிகிரியைத் தாண்டியும் கூலன்ட் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் இறங்கி, உள்ளே இருப்பது ஒரேயடியாகக் கொதித்து முகத்தில் அடிக்கும். மேலே துணி போட்டுத் திறப்பதும் காப்பாற்றாது. மேல் ஹோஸைத் தொட்டால் சுடக் கூடாது, அழுத்தினால் மெத்தென்று அமுங்க வேண்டும்; அதுவரை காத்திருங்கள். கத்திரி வெயில் நாளில் 1 மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.

ஃபேனையும் மறக்காதீர்கள். சில வண்டிகளில் சாவியை அணைத்த பிறகும் அது தானாகச் சுற்றத் தொடங்கும். விரல், துப்பட்டா, லுங்கி நுனி எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

முள் ஏறினால்

முதல் சந்தேகம் ஏர் லாக். கூலன்ட்டை இறக்கி மறுபடி ஊற்றிய எந்த வேலையிலும் உள்ளே காற்று தங்கிவிட வாய்ப்பு உண்டு. ரேடியேட்டர் வாய் வரை நிரம்பியதுபோலத் தெரியும். ஆனால் ஹெட்டுக்குள்ளேயோ ஹீட்டர் குழாயிலோ காற்று உட்கார்ந்திருக்கும். வாட்டர் பம்புக்குத் தண்ணீரைத் தள்ளத் தெரியும், காற்றைத் தள்ளத் தெரியாது. ஓட்டம் நின்றுபோகும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய கணக்கு இருக்கிறது. இறக்கிய பழைய கூலன்ட்டை அளந்து வைத்திருந்தால், உள்ளே ஊற்றியதோடு ஒப்பிடுங்கள். 3.5 லிட்டர் இறங்கி 2.5 லிட்டர்தான் உள்ளே போயிருக்கிறது என்றால், மீதி 1 லிட்டர் இடத்தில் இருப்பது காற்று. அளக்கவில்லை என்றால் அடையாளங்களைப் பாருங்கள்: முள் சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும், இன்ஜின் சூடான பிறகும் ஹீட்டரைப் போட்டால் சூடில்லாத காற்று வரும், டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் சலசலக்கும்.

காற்றை வெளியேற்ற வண்டியின் மூக்கு கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். நம் வடசென்னை முழுக்கச் சமதரை. ஏற்றம் வேண்டும் என்று மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். மழைத் தண்ணீருக்குப் பயந்து உயர்த்திக் கட்டிய வீடுகளின் வாசலில் வண்டி ஏறுவதற்குச் சாய்தளம் இருக்குமே, அது போதும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குச் செங்கல் வையுங்கள்.

இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்துவிடுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றைக் குறைவாக வையுங்கள். சென்னையில் ஹீட்டர் எதற்கு என்று தோன்றும், ஆனால் பல வண்டிகளில் ஹீட்டருக்குப் போகும் பாதை அப்போதுதான் திறக்கும். கூலன்ட்டை மெதுவாக ஊற்றுங்கள். மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் மாற்றி மாற்றிப் பிசையுங்கள். குமிழி வரும், மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். காற்று விடும் ஸ்க்ரூ உள்ள வண்டி என்றால் அதை லேசாகத் தளர்த்தி, குமிழி இல்லாமல் கூலன்ட் வழிந்த பிறகு மூடுங்கள். அப்புறம் இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விடுங்கள். தெர்மோஸ்டாட் (கூலன்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறக்கும் நேரத்தில் மட்டம் ஒரு தடவை கடகடவென்று இறங்கும். அந்த இறக்கம்தான் நீங்கள் காத்திருந்தது. நிரப்பி, குமிழி அடங்கியதும் மூடியைப் போட்டுவிடுங்கள். நடுவில் கொப்பளித்து வழியத் தொடங்கினால் கிட்டே போகாமல் சாவியை அணைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

ரேடியேட்டரில் மூடியே இல்லாமல், அழுத்தம் தாங்கும் பிளாஸ்டிக் டப்பாவில் மட்டும் மூடி உள்ள வண்டிகளும் நிறைய. அவற்றில் டப்பா வழியாகத்தான் நிரப்ப வேண்டும். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. எந்த வண்டியானாலும் ஃபேன் 2 முறை ஓடி நிற்கும் வரை ஐட்லிங்கில் விட்டு, இரவு முழுக்க ஆறவைத்து, காலையில் மட்டம் பாருங்கள். முதல் 2, 3 நாட்கள் கொஞ்சம் இறங்குவது இயல்பு. அதற்கு மேலும் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது.

காற்று போன பிறகும் ஏறுகிறது என்றால், எப்போது ஏறுகிறது என்று கவனியுங்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் நின்றால் ஏறி, வழி கிடைத்து ஓடினால் இறங்குகிறது என்றால் ஃபேன் சரியில்லை. நிற்கும்போது சரியாக இருந்து, மாதவரம் தாண்டி வேகம் எடுக்கும்போது ஏறுகிறது என்றால் உள்ளே ஓட்டம் போதவில்லை. தெர்மோஸ்டாட், பம்ப், அடைப்பு என்று அந்த வரிசையில் பாருங்கள்.

ஃபேனைச் சோதிக்க ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் உடனே ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ரேடியேட்டரைக் கழற்றும்போது பிரித்த கப்ளர் (ஒயர் இணைப்பு) மறுபடி மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பலருக்கு விஷயம் இங்கேயே முடிந்துவிடும். அடுத்து ஃப்யூஸ், ரிலே. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருப்பவர்கள் ரிலேயை உருவி அதன் கால்களைப் பாருங்கள். கடல் காற்றில் செம்பின் மேல் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். எர்த் ஒயர் உட்காரும் போல்ட்டும் அப்படித்தான். காண்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய உப்புத்தாளில் தேய்த்தால் போதும். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் தண்ணீரில் நின்ற வண்டி என்றால் ஃபேன் மோட்டாரையே சந்தேகப்படுங்கள்.

ஃபேன் மோட்டாரைப் புதிதாகப் போட்டவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். ஒயர் மாறிப்போனால் அது தலைகீழாகச் சுற்றும். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் காற்றை முன்னாலிருந்து இழுக்க வேண்டும். வண்டியின் முன் ஜாலியில் ஒரு செய்தித்தாள் துண்டை வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் சரி. பறந்து விழுந்தால் ஒயர் மாறியிருக்கிறது.

தெர்மோஸ்டாட்டை மாற்றியிருந்தால் ஸ்பிரிங் உள்ள பக்கம் இன்ஜினைப் பார்த்திருக்க வேண்டும். சின்ன ஆணி போல ஆடும் பின் இருந்தால், பொதுவாக அது மேலே வர வேண்டும். காற்று அந்த வழியாகத்தான் தப்பிக்கும். வாங்கியது நல்லதுதானா என்று சந்தேகமா? சமையலுக்கு எடுக்காத ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதன் மேலேயே பொறித்திருக்கும் டிகிரிக்குக் கிட்டத்தில், பெரும்பாலும் 82 முதல் 88க்குள், அது வாய் திறக்க வேண்டும்.

மூடியை யாரும் சந்தேகப்படுவதில்லை. என் வண்டியில் 2 வாரம் அலைந்த பிறகு காரணம் மூடி என்று தெரிந்தது. உதிரி பாகக் கடையில் "எல்லா வண்டிக்கும் இதுதான்" என்று கொடுத்ததை வாங்கிப் போட்டிருந்தேன். நன்றாக உட்கார்ந்தது, ஆனால் என் வண்டிக்கு வேண்டிய அழுத்தத்தை அது பிடிக்கவில்லை. டிராஃபிக்கில் நிற்கும்போதெல்லாம் கூலன்ட் டப்பாவுக்குத் தள்ளப்பட்டு வெளியே வழிந்தது. பழைய மூடியின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து, அதே எண் உள்ளதைத்தான் வாங்க வேண்டும்.

சிலிக்கான் பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசியவர்களும் கவனியுங்கள். இடுக்கில் உள்பக்கம் பிதுங்கி நிற்கும் பேஸ்ட் காய்ந்து உடைந்து, ஓட்டத்தோடு போய் தெர்மோஸ்டாட்டிலோ ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலோ மாட்டிக்கொள்ளும். ஒழுக்கை அடைக்க மஞ்சள் தூள் போடும் பழக்கமும் நம் ஊரில் உண்டு. நடுவழியில் வீடு சேர அது உதவியிருக்கலாம். ஆனால் ஒழுகும் ஓட்டையை அடைக்கும் பொடி, ஒழுகாத குழாயையும் அடைக்கும். போட்டிருந்தால் முழுக்கக் கழுவி எடுங்கள்.

முள் சரியாக இருக்கிறது, இன்ஜின் உதறுகிறது

இது வேறு வகைத் தொல்லை. கூலிங் வேலைக்கும் இன்ஜின் ஓட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் குழம்புவது இங்கேதான். சம்பந்தம், நீங்கள் வழியில் நகர்த்திய பொருட்கள்.

தெர்மோஸ்டாட் உட்காரும் கூட்டை ஒட்டி கூலன்ட் சூட்டை அளக்கும் சென்சார் ஒன்று இருக்கும். எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்று இன்ஜின் கம்ப்யூட்டர் முடிவு செய்ய இதையும் கேட்கிறது. கப்ளர் சரியாக உட்காராவிட்டால், வெளியே வெயில் கொளுத்தும்போதும் கம்ப்யூட்டருக்கு மைனஸ் 40 டிகிரி என்று போகும். அதை நம்பி பெட்ரோலைக் கொட்டினால் ஸ்டார்ட்டிங் தகராறு, கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை. பல வண்டிகளில் பாதுகாப்புக்காக ஃபேனும் நிற்காமல் ஓடும். சாவி போட்டதுமே ஃபேன் ஓடினால் முதலில் இந்தக் கப்ளரைப் பாருங்கள். பழைய கப்ளரின் பிளாஸ்டிக் பூட்டு சூட்டில் நொறுங்கிப்போய்க் கழற்றும்போதே உடையும். மாட்டியதுபோலத் தெரியும், கையால் இழுத்தால் வந்துவிடும்.

2013க்குப் பிறகு வந்த கார் என்றால் புளூடூத் ஓபிடி ஸ்கேனர் (இன்ஜின் கம்ப்யூட்டரில் உள்ள அளவுகளையும் பழுதுக் குறியீடுகளையும் போனில் காட்டும் கருவி) ஒன்று வாங்கிவிடுங்கள். இந்த வேலைக்கு அதைவிட நல்ல கருவி இல்லை. காலையில் இன்ஜினைத் தொடுவதற்கு முன், கூலன்ட் சூடும் உள்ளே வரும் காற்றின் சூடும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 30, கூலன்ட் மைனஸ் 40 என்று காட்டினால் சென்சார் இணைப்பு அறுந்திருக்கிறது. அதற்கு வரும் பழுதுக் குறியீடு பெரும்பாலும் பி0118 (P0118). மல்ட்டிமீட்டர் இருந்தால் சென்சாரின் மின்தடையை அளந்தும் பார்க்கலாம்: பல சென்சார்களில் குளிர்ந்த நிலையில் 2,000 ஓம் அக்கம் பக்கம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம்.

அடுத்தது காற்று வரும் பெரிய குழாய். ஹோஸுக்குக் கை போக அதைக் கழற்றியிருப்பீர்கள். திரும்ப மாட்டும்போது விளிம்பு மடிந்தாலோ கிளிப் தளர்ந்தாலோ, அளக்கப்படாத காற்று உள்ளே போகும். ஐட்லிங் ஏறி இறங்கும், பி0171 வரும். பக்கத்தில் விரல் தடிமன்கூட இல்லாத வேக்குவம் குழாய்கள் இருக்கும். "உஸ்" என்று சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுங்கள், ஆனால் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் எட்ட நின்று.

வேலையின்போது இன்ஜின் மேல் தண்ணீர் தெறித்ததா? ஸ்பார்க் பிளக் குழியில் தேங்கினால் அந்த சிலிண்டர் மிஸ் அடிக்கும். பி0301 என்றால் 1ஆம் சிலிண்டர், பி0302 என்றால் 2ஆம் சிலிண்டர். பிளக்கின் மேல் இருக்கும் காயிலை உருவி, குழியைத் துணியாலோ காற்றாலோ நன்றாக உலர்த்திய பிறகுதான் பிளக்கைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும்.

வாட்டர் பம்பையே மாற்றியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சில இன்ஜின்களில் பம்பை ஓட்டுவது டைமிங் பெல்ட். அதில் ஒரு பல் தள்ளி மாட்டினாலும் இன்ஜின் உதறும், இழுவை போய்விடும். அதிகம் தள்ளிப்போனால் வால்வும் பிஸ்டனும் மோதும். அந்த சந்தேகம் இருந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். டைமிங் குறிகளைச் சரிபார்த்த பிறகுதான் சாவி.

சூடே ஏறவில்லை என்றால்

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது இங்கே சகஜம். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இன்ஜின் வேலை செய்ய வேண்டிய சூட்டுக்கு வராவிட்டால் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். மைலேஜ் விழும், பி0128 வரும். சில இன்ஜின்களில் பைபாஸ் வழியை அடைப்பதும் தெர்மோஸ்டாட்தான். அதில் கழற்றிவிட்டால் கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலேயே திரும்பி, குளிர்விக்கச் செய்த வேலையே சூட்டை ஏற்றும்.

கேஸ்கெட்தானா?

காலையில் ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து 1, 2 நிமிடத்தில் மேல் ஹோஸைத் தொடுங்கள். கூலன்ட் இன்னும் சூடாகவில்லை, ஹோஸ் மட்டும் கல்லாக இறுகிவிட்டது என்றால், இன்ஜின் சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் வருகிறது. ஏர் லாக் குமிழி அடங்கிவிடும். கேஸ்கெட் குமிழி அடங்கவே அடங்காது. இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல் வரும் வெள்ளைப் புகையில் இனிப்பு வாடை இருக்கிறதா, டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபிபோல இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்மை இருந்தால் பயப்பட வேண்டாம், அது ஈரமாகவும் இருக்கலாம். உறுதி செய்ய நீலத் திரவம் ஊற்றிய சோதனைக் குழாயை ரேடியேட்டர் வாயில் வைப்பார்கள். எரிந்த வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும்.

இந்த அடையாளங்கள் இருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள், கட்டி இழுத்துப் போங்கள். சாவி திருப்பும்போது இன்ஜின் சுற்றாமல் அப்படியே முட்டி நின்றாலும் மறுபடி முயலாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கலாம். தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும்.

என்ன ஊற்றினீர்கள்?

கடலை ஒட்டிய நம் தெருக்களில் பல போர் தண்ணீர் உப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே படிவு கட்டும், அலுமினியம் அரிக்கும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம். டிஸ்டில்டு வாட்டர் மட்டும். வாங்கிய கூலன்ட் அப்படியே ஊற்றுவதா, கலப்பதா என்று டப்பாவைப் படியுங்கள். கலக்க வேண்டியதைக் கலக்காமல் ஊற்றினால் அது சூட்டைக் குறைவாகத்தான் கடத்தும். பாதிக்குப் பாதி என்பதுதான் வழக்கமான அளவு. உள்ளே கழுவியிருந்தால் பிளாக்கில் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருக்கும். மொத்தக் கொள்ளளவு 4 லிட்டர் என்றால் முதலில் 2 லிட்டர் கெட்டிக் கூலன்ட், மீதி இடத்துக்குத் தண்ணீர் என்று ஊற்றினால் அளவு சரியாக வரும். நிறம் ஒன்று என்பதால் வகையும் ஒன்று என்று நினைத்துக் கலக்காதீர்கள்.

இறக்கிய பழைய கூலன்ட்டைத் தெருவில் ஒரு நிமிடம்கூடத் திறந்து வைக்காதீர்கள். அது இனிக்கும், நாய் நக்கும். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுநீரகம் போய் உயிர் போகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. மழைநீர்க் கால்வாயிலும் ஊற்ற வேண்டாம். ஏற்கெனவே பக்கிங்ஹாம் கால்வாய் தாங்க முடியாததைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. கேனில் அடைத்துப் பெயர் எழுதி, பழைய ஆயில் வாங்கும் ஒர்க்ஷாப்பில் கேட்டுப் பாருங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

வீட்டு வாசலில் 15 நிமிடம் ஐட்லிங். அடியில் அட்டை விரித்தால் சொட்டு தெரியும். அப்புறம் 2, 3 கிலோமீட்டர், வீட்டைச் சுற்றியே. முதல் ஓட்டத்தில் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்ளும் வழி வேண்டாம். திரும்பி வந்து ஆறவிட்டு மட்டம் பார்த்து, கிளிப்பை இன்னொரு முறை இறுக்கி, அடுத்த நாள் 10 கிலோமீட்டர். வழியில் முள் நடுவைத் தாண்டினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், முழுக் காற்றில் போட்டு ஓரம் கட்டுங்கள். வேர்க்கும், பரவாயில்லை. இன்ஜினின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியேறும். முள் அப்படியும் இறங்காவிட்டால் உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், ஹெட்டில் விரிசல் விடும்.

மெக்கானிக்கிடம் போக வேண்டி வந்தால் "அண்ணே, கேஸ்கெட் போயிடுச்சுபோல" என்று தொடங்காதீர்கள். எதைக் கழற்றினீர்கள், எத்தனை லிட்டர் இறங்கியது, எத்தனை ஏறியது, முள் நிற்கும்போது ஏறியதா ஓடும்போதா, ஸ்கேனரில் என்ன பழுதுக் குறியீடு வந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்று அவர் சொன்னால், கழற்றுவதற்கு முன் அந்த நீலத் திரவ சோதனையையும் கம்ப்ரஷன் அளவையும் உங்கள் கண் முன்னே எடுக்கச் சொல்லுங்கள். கழற்றிய பிறகு ஹெட் மட்டமாக இருக்கிறதா என்று லேத்தில் பார்த்து, தேவை என்றால் ஃபேஸிங் செய்த பிறகே புது கேஸ்கெட் போட வேண்டும் என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள்.